ஜெபத்தோட நிக்காம வாயத் திறக்கிறது எப்படி: மத்தவங்களுக்காகப் பரிஞ்சு பேச பைபிள் காட்டுற வழி

கொழும்புல இருக்கிற நமக்கு இந்த நிலைமை புதுசில்ல. ஒபிஸ்ல ஒரு பெடியன் செய்யாத பிழைக்கு வேலையால நிப்பாட்டப் போறாங்க எண்டு தெரியும். ஒரு ஃப்ளட்ல வேலை செய்யுற மலையகத்துப் பிள்ளைக்கு மாசக்கணக்கா சம்பளம் குடுக்கல எண்டு தெரியும், குடுக்காத அன்ரி நம்மட சேர்ச்லயே ரெண்டு பெஞ்ச் முன்னால இருந்து கை தட்டிப் பாடுறாங்க எண்டும் தெரியும். பொலிஸ்ல சிங்களத்துல எழுதின ஸ்டேட்மெண்ட்ல பக்கத்து வீட்டு அண்ணா வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைக்கப் போறார், நமக்கு சிங்களம் தெரியும், கூடப் போகலாம். ஆனா என்ன சொல்றம்? "ஜெபம் பண்ணுறன் அண்ணா." சொல்லிட்டு வீட்ட வந்துடுறம், சில நேரம் உண்மையா ஜெபமும் பண்ணுறம், சில நேரம் அதுவுமில்ல.

என்ட கருத்து இதுதான், முதல்லயே சொல்லிடுறன். பைபிள்ல கடவுள்ட்ட மன்றாடுறதும் மனுசர்ட்ட போய் பரிஞ்சு பேசுறதும் ரெண்டு வேலையில்ல, ஒரே வேலைதான், மேல ஒரு வாசல் கீழ ஒரு வாசல், அவ்வளவுதான். மேல் வாசலுக்குப் போகாம கீழ் வாசலுக்குப் போனா நாக்கு ஒட்டிக்கும், இல்லாட்டி சண்டை பிடிச்சிட்டு வருவம். மேல் வாசல்லயே இருந்துட்டா அது ஒளிஞ்சு கொள்ற இடமா மாறிடும். கீழ எழுதினது இந்த ரெண்டையும் சேத்து செய்யுறதுக்கான படிகள். ஒவ்வொண்டுக்கும் ஒரே அளவு நேரம் எடுக்காது, மூணாவதுக்குத்தான் கூட நேரம் வேணும்.

புனிதர்கள்ட்ட பரிந்துரை கேக்கலாமா கூடாதா எண்ட சண்டைக்குள்ள நான் போகல. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறவங்களும் சரி, ஞாயிறு மட்டும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறவங்களும் சரி, இதுல இருக்கிறது எல்லாருக்கும் பொருந்தும்.

1. ஒரு ஆளைத் தெரிவு செய்யுங்க, ஊரையே இல்ல

"திறப்பிலே நிற்க ஒரு மனுஷனைத் தேடினேன்" எண்டு எசேக்கியேல் 22:30ல வருது, இந்த வசனத்தை நம்மட ஆக்கள் ஜெபக் கூட்டத்துல அடிக்கடி பாவிப்பாங்க. பாவிக்கிறது பிழையில்ல, ஆனா மதில் உடைஞ்ச இடத்துல நிக்கிறவனுக்குத்தான் முதல் அம்பு விழும் எண்டது அந்தக் கூட்டத்துல யாருக்கும் ஞாபகம் வாறதில்ல. "இலங்கைக்காக, உலகத்துக்காக" எண்டு ஜெபிக்கிறதுல ஒரு வசதி இருக்கு, உலகம் நம்ம வீட்டுக் கதவைத் தட்டி "என்னாச்சு, கதைச்சீங்களா?" எண்டு கேக்காது. ஒரு பேர் சொன்னா கேக்கும். அதால ஒரு பேர்.

அடுத்தது, அந்த ஆள்ட்ட கேளுங்க. நெகேமியா புத்தகம் எப்படித் தொடங்குது எண்டு பாருங்க, அழுகையில இல்ல, விசாரிக்கிறதுல. யூதாவில இருந்து ஆனானியும் சில பேரும் வாறாங்க, தப்பி இருக்கிற சனம் எப்படி, எருசலேம் எப்படி எண்டு பாரசீக ராஜாட அரமனையில வேலை செய்த நெகேமியா கேக்கிறார், பிறகுதான் உக்காந்து அழுறார். நாம முதல்லயே அழுதுடுவம். "தங்கச்சி, உங்கட சம்பள விசயமா நான் அன்ரியோட கதைக்கட்டா? கதைச்சா உங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமா?" இந்த ரெண்டு கேள்வியும் கட்டாயம். அந்தப் பிள்ளை படுக்கிறது அதே வீட்டுல, நீங்க கதைச்சிட்டுப் போயிடுவீங்க, இரவைக்கு ஏச்சு வாங்கிறது அவள். "இப்ப வேணாம் அக்கா, தீபாவளிக்கு ஊருக்குப் போகக்குள்ள கதைங்க" எண்டு சொன்னா அதுக்கு மதிப்புக் குடுங்க, அவளுக்கு அவள்ட நிலைமை நம்மள விட நல்லா விளங்கும்.

இந்த இடத்துல ஒரு பழக்கத்தைப் பத்திக் கொஞ்சம் கோவமாவே சொல்லணும். வட்ஸ்அப் குறூப்ல "ப்ரேயர் பொயிண்ட்" எண்டு போட்டு ஒரு குடும்பத்தோட வெக்கத்தையெல்லாம் எண்பது பேருக்குத் தெரியப்படுத்துறது பரிந்து பேசுறது இல்ல. பேரைப் போடல எண்டு சொல்லுவாங்க, ஆனா "ராமகிருஷ்ணா வீதியில ஒரு சகோதரி, புருசன் வெளிநாட்டுல" எண்டு எழுதினா வெள்ளவத்தை முழுக்க யார் எண்டு கண்டு பிடிச்சிடும். அந்த ஆள் சம்மதிக்காட்டி குறூப்ல போடாதீங்க, பாஸ்டர்ட்ட கூட சொல்லாதீங்க.

2. எதுக்குப் பயம் எண்டு எழுதிப் பாருங்க

"விசுவாசம் இருந்தா பயம் வராது" எண்டு சொல்லுறவங்க பைபிளை அவசரமா வாசிச்சிருக்கிறாங்க எண்டுதான் நான் நினைக்கிறன். நெகேமியா ராஜாவுக்கு முன்னால "மிகவும் பயந்தேன்" எண்டு தானே எழுதி வச்சிருக்கிறார். பாரசீக ராஜாட மனைவியா இருந்த யூதப் பெண் எஸ்தர், நம்மட சனத்துக்காக ராஜாட்ட போய்க் கதை எண்டு சொன்ன தன்ட உறவுக்காரர் மொர்தெகாய்க்கு அனுப்பின முதல் பதில் முழுக்கப் பயம்தான்: கூப்பிடாம உள் முற்றத்துக்குப் போனா சாவு, ராஜா பொற்செங்கோலை நீட்டினாத்தான் உயிர், என்னைக் கூப்பிட்டு முப்பது நாளாச்சு. அவட பயம் எவ்வளவு துல்லியமா இருக்கு பாருங்க, சட்டம் என்ன, தண்டனை என்ன, தன்ட நிலைமை என்ன எண்டு எல்லாம் அதுல இருக்கு.

ஆனா இதுல எனக்கு ஆகப் பிடிச்ச ஆள் எபெத்மெலேக். எரேமியா 38ல வாறார், கன பேருக்குத் தெரியாது. எத்தியோப்பியர், அரமனையில வேலை செய்யுற வெளிநாட்டு ஆள். தீர்க்கதரிசி எரேமியாவை பிரபுக்கள் சேத்துக் கிணத்துல இறக்கிட்டாங்க, தண்ணியில்ல, சேறு மட்டும், ராஜா சிதேக்கியாவே "உங்களுக்கு விரோதமா என்னால ஒண்டும் செய்ய ஏலாது" எண்டு அந்தப் பிரபுக்கள்ட்ட கையை விரிச்சவர். அந்த நேரம் இந்த வேலைக்காரன் பென்யமீன் வாசல்ல இருந்த ராஜாட்ட நேரா போய், இந்த மனுசர் செய்தது பிழை, அவர் பட்டினியால செத்துடுவார் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்றார். அந்த அதிகாரத்தை வாசிச்சா, என்ன ஒரு தைரியசாலி, பயமே இல்ல எண்டுதான் தோணும். அடுத்த அதிகாரத்துல கடவுள் அவருக்கு ஒரு செய்தி அனுப்புறார்: நீ பயப்படுற மனுசர்ட கையில உன்னை ஒப்புக்குடுக்க மாட்டன். நீ பயப்படுற மனுசர்! அவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், ஆருக்கும் தெரியல, கடவுளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு.

அதால ஒரு தாளை எடுத்து எழுதுங்க. வேலை போகுமா? வாடகை வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுவாரா? சேர்ச்ல கதை வருமா? நம்மட ஊர்ல இன்னொரு பயமும் இருக்கு, பொலிஸ், ஆமி, அரசாங்க ஒபிஸ் எண்டா "தமிழ் ஆள் வந்து நியாயம் கதைக்கிறான்" எண்டு பாப்பாங்களோ எண்ட பயம், 83 கலவரத்தைப் பாத்த அம்மா அப்பாக்கள் "நமக்கெதுக்கு வீண் வேலை" எண்டு சொல்லி வளத்த பயம். அதைக் கோழைத்தனம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, அந்தப் பயம்தான் கன பேரை உயிரோட வச்சிருந்தது. எழுதினப் பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்துல, இது நடக்கக் கூடியதா, நடந்தா நான் என்ன செய்வன் எண்டு போடுங்க. பாதிப் பயம் பேர் வச்ச உடனேயே சின்னதாயிடும், மிச்சப் பாதி உண்மையானது, அதைத்தான் அடுத்த படிக்குக் கொண்டு போகணும். 2 தீமோத்தேயு 1:7ல பலமும் அன்பும் மட்டுமில்ல, தெளிந்த புத்தியும் சேந்துதான் வருது, சும்மா வீரம் காட்டுறதுக்கு அந்த வசனத்துல இடமில்ல.

3. பெரிய சிங்காசனத்துக்கு முதல்ல போங்க

இதுதான் எல்லாத்துக்கும் மையம், இங்க அவசரப்படாதீங்க.

ஆதியாகமம் 18ஐ எடுத்து மெதுவா வாசிங்க. பாவத்தால அழியப் போற சோதோமுக்காக ஆபிரகாம் கடவுள்ட்ட கேக்கிறார், அதுவும் அவர்ட சொந்த ஊர் கூட இல்ல. அம்பது நீதிமான் இருந்தா? சரி. நாப்பத்தஞ்சு? சரி. நாப்பது? அடுத்தது முப்பது, இருபது, பத்து. கவனிச்சீங்களா, முதல் ரெண்டு தரமும் அஞ்சு அஞ்சாத்தான் குறைக்கிறார், "தூளும் சாம்பலுமாயிருக்கிற நான்" எண்டு நடுங்கி நடுங்கி. பிறகு பத்துப் பத்தாக் குறைக்கத் தொடங்கிடுறார். கேக்க வர முதல் அவர்ட்ட அவ்வளவு தைரியம் இருக்கல, கேக்க கேக்க, அந்தப் பக்கத்துல இருந்து ஒவ்வொரு தரமும் "அழிக்க மாட்டன்" எண்டு பதில் வர வர, கூடிக்கொண்டே போகுது. நாம தைரியம் வந்தாப் பிறகு ஜெபிக்கலாம், கதைக்கலாம் எண்டு இருக்கிறம், அது வாற விதமே வேற.

எப்படி ஜெபிக்கிறது எண்டதுக்கு யாத்திராகமம் 32ல மோசே ஒரு நல்ல மாதிரி. கன்னுக்குட்டி செஞ்சு கும்பிட்ட சனத்தை அழிக்கப் போறன் எண்டு கடவுள் சொன்ன உடனே மோசே சும்மா "இரக்கம் காட்டும், இரக்கம் காட்டும்" எண்டு கத்தல, காரணம் சொல்லுறார். இது உம்மட சனம், நீர்தானே எகிப்துல இருந்து கொண்டு வந்தீர். எகிப்தியர் என்ன சொல்லுவாங்க, உம்மட பேருக்கு என்னாகும்? ஆபிரகாம், ஈசாக்கு, இஸ்ரவேலுக்கு நீர் குடுத்த வாக்கை நினைச்சுப் பாரும். நீங்களும் அப்படிச் செய்யலாம். முதல்ல கடவுள் எப்படிப்பட்டவர் எண்டு சொல்லுங்க, "கூலிக்காரன்ட கூலியைப் பிடிச்சு வச்சா அந்தக் கூக்குரல் உம்மட காதுல விழும் எண்டு யாக்கோபு 5:4ல இருக்கே ஆண்டவரே" எண்டு. பிறகு அந்த ஆள்ட நிலைமையை சாதாரணத் தமிழ்ல, வீட்டுல கதைக்கிற மாதிரி. கடைசியா தெளிவான ஒரு கேள்வி: வாற மாசம் அஞ்சாம் தேதிக்கு முதல் சம்பளம் கிடைக்கணும், அன்ரிக்குக் கோவம் வரக் கூடாது, எனக்கு வார்த்தை தரணும். "எல்லாத்தையும் நன்மையா முடிச்சுத் தாரும்" எண்ட மாதிரிப் பொதுவா ஜெபிச்சா பதில் வந்தாலும் நமக்குத் தெரியாது.

இன்னொண்டு, இது கஷ்டமானது. நெகேமியா முதலாம் அதிகாரத்துலயும் தானியேல் ஒன்பதாம் அதிகாரத்துலயும் ரெண்டு பேரும் "அவங்க பாவம் செய்தாங்க" எண்டு ஜெபிக்கல, "நாங்கள் பாவம் செய்தோம்" எண்டு ஜெபிக்கிறாங்க, நெகேமியா தன்ட தகப்பன் வீட்டையும் சேக்கிறார். நம்ம நாட்டுல இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க, சிங்களவர், சிங்கள மக்கள் தமிழர்ட்ட மன்னிப்புக் கேக்கணும் எண்டு தன்ட சபைக்கே சொன்னார், வெளியில நிண்டு விரல் நீட்டல, உள்ள நிண்டு சொன்னார். அதே வருஷம் ஒக்டோபர்ல இறந்து போனார். அன்ரி சம்பளம் குடுக்கல எண்டு ஜெபிக்கக்குள்ள, நம்மட வீட்டுல வேலை செஞ்சவங்களுக்கு லீவு குடுத்தமா, எந்தக் கப்ல டீ குடுத்தம் எண்டும் ஞாபகத்துக்கு வந்தா நல்லது. அந்த ஞாபகத்தோட போனா அன்ரியோட கதைக்கிற தொனியே மாறும்.

கடைசியா, நீங்க தனியாத் தொடங்குறீங்க எண்டு நினைக்காதீங்க. இயேசு தனக்கூடாகக் கடவுள்ட்ட வாறவங்களுக்காக வேண்டுதல் செய்ய எப்பவும் உயிரோட இருக்கிறார் எண்டு எபிரெயர் 7:25 சொல்லுது, ரோமர் 8ல ஆவியானவரும் வேண்டுதல் செய்யுறார், 34ம் வசனத்துல கிறிஸ்துவும். அந்தப் பிள்ளைக்காக நீங்க ஜெபிக்கத் தொடங்க முதலே அவளுக்காக ஒருத்தர் கதைச்சுக்கொண்டு இருக்கிறார், நீங்க போய் சேருறீங்க, அவ்வளவுதான். எனக்கு இது பெரிய ஆறுதல், ஏனெண்டா நான் மறந்து போற நாள்லயும் அந்த வேலை நிக்காது.

4. ரெண்டு மூணு பேரைச் சேத்துக்கொள்ளுங்க

எஸ்தர் தனியா உள்ள போனா, ஆனா தனியா ஆயத்தப்படல, சூசான்ல இருந்த யூதர் எல்லாரையும் மூணு நாள் உபவாசம் இருக்கச் சொன்னா. யாத்திராகமம் 17ல யுத்தம் நடக்கக்குள்ள தூக்கிப் பிடிச்ச மோசேட கை சோர்ந்து போக ஆரோனும் ஊர் எண்ட பேருள்ள இன்னொருத்தரும் ரெண்டு பக்கமும் தாங்கினாங்க, கல்லொண்டை வச்சு இருக்கவும் விட்டாங்க. நமக்கு எண்பது பேர் தேவையில்ல, வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் போதும், அதுல ஒருத்தர் "நீங்க சொல்றது பிழை, திரும்ப யோசிங்க" எண்டு சொல்லக் கூடியவரா இருக்கணும்.

உபவாசம் பத்தி: எஸ்தர் இருந்தது மூணு நாள் சாப்பாடும் தண்ணியும் இல்லாம. அதைப் பாத்து கொழும்பு வெக்கையில தண்ணியில்லாம இருக்காதீங்க, சுகர், பிரஷர் இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டொக்டர்ட்ட கேக்காம சாப்பாட்டையும் விட வேணாம். போனை ஒரு நாள் விடுங்க, அதுவே நம்மளுக்குப் பெரிய உபவாசம்.

5. விசயத்தைச் சரியாத் தெரிஞ்சுகொள்ளுங்க

எபெத்மெலேக் ராஜாட்ட அனுமதி எடுத்து முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு கிணத்தடிக்குப் போக முதல் ஒரு இடத்துக்குப் போறார், பொக்கிஷ அறைக்குக் கீழ, அங்க இருந்து பழைய துணிகளை எடுக்கிறார், கயிறு அக்குள்ல வெட்டாம இருக்க அதை வச்சுக்கொள்ளும் எண்டு எரேமியாக்கு இறக்கி விடுறார். பைபிள் எழுதினவர் இந்தக் கந்தல் துணியை ஏன் விடாம எழுதினார்? அன்பு எண்டது இப்படியான விவரத்துலதான் இருக்கு எண்டு நான் எடுக்கிறன். நெகேமியாவும் அப்படித்தான், ராஜா என்ன வேணும் எண்டு கேட்ட உடனே எவ்வளவு காலம், நதிக்கு அப்பால இருக்கிற அதிபதிகளுக்குக் கடிதம், வனக்காவலன் ஆசாப்புக்கு மரத்துக்காகக் கடிதம் எண்டு எல்லாம் தயாரா இருந்துது.

அதால நீங்களும் எழுதி எடுங்க: எந்த மாசத்துல இருந்து, எவ்வளவு பேசினது, எவ்வளவு குடுத்தது, கையிலயா பேங்க்லயா. கடையில, கம்பனில வேலை செய்யுற ஆள் எண்டா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுறாங்களா பாருங்க, ஆள்ட சம்பளத்துல 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோட ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளிதான் கட்டணும். முறைப்பாடு எண்டா நாரஹேன்பிட்டயில தொழில் திணைக்களம் இருக்கு. பொலிஸ் விசயம் எண்டா, 1987ல வந்த 13வது திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, அதால விளங்காத மொழியில எழுதினதுல கையெழுத்து வைக்க முதல் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேக்கிறது அகங்காரம் இல்ல. லோயருக்குக் காசு இல்லாட்டி புதுக்கடையில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, மனித உரிமை ஆணைக்குழுட அவசர நம்பர் 1996, சின்னப் பிள்ளைகள் விசயத்துக்கு 1929, பெண்கள் விசயத்துக்கு 1938. அடி, கொலை மிரட்டல், பிள்ளையைத் துன்புறுத்துறது எண்டா நீங்க போய் கதவைத் தட்டி சமாதானம் கதைக்கிற வேலை வேணாம், இந்த நம்பர்களுக்கு அடிங்க, இல்லாட்டி 119. அதுவும் பரிந்து பேசுறதுதான்.

6. எப்ப போறது

இதுக்கு ஒரே பதில் இல்ல. நெகேமியா கிஸ்லேயு மாதத்துல கேள்விப்பட்டு நிசான் மாதத்துலதான் வாயத் திறந்தார், நாலு மாசம் கிட்ட. எஸ்தர் ராஜா செங்கோலை நீட்டின பிறகும் உடனே கேக்கல, ஒரு விருந்து, பிறகு இன்னொரு விருந்து, அதுக்குப் பிறகுதான். ஆனா அபிகாயில்? தாவீது நானூறு பேரோட தன்ட புருசன் நாபால்ட வீட்டை அழிக்க வாறார் எண்டு கேள்விப்பட்ட உடனே இருநூறு அப்பம், ரெண்டு துருத்தி திராட்சரசம், சமைச்ச அஞ்சு ஆடு எண்டு கழுதையில ஏத்திக்கொண்டு கிளம்பிட்டா, புருசனுக்குக் கூட சொல்லல, அவன் வெறி தெளிஞ்ச பிறகு காலையிலதான் சொன்னா. அவ ஜெபக் கூட்டம் வச்சிட்டுப் போவம் எண்டு இருந்திருந்தா விடியக்குள்ள வீட்டுல ஒரு ஆம்பிளை மிஞ்சியிருக்க மாட்டான்.

நான் பாக்கிற அளவு இதுதான்: இண்டைக்கு இரவு யாருக்காவது காயம் வருமா? வரும் எண்டா இப்ப போங்க, போற வழியில த்ரீவீல்லயே ஜெபிங்க. வராது எண்டா ஆள் களைச்சுப் போயிருக்கிற நேரம், விருந்தாளிகளுக்கு முன்னால, சேர்ச் முடிஞ்சு வெளியில வரக்குள்ள எண்டு போகாம தனியா, ஆறுதலான நேரம் பாருங்க. ஆனா "நேரம் வரட்டும்" எண்டு நாலு மாசம் போனா நாள்தோறும் ஜெபிச்சுக்கொண்டு இருந்தீங்களா எண்டு கேட்டுப் பாருங்க, நெகேமியா அப்படித்தான் இருந்தார்.

7. வாயத் திறக்கிற நேரம்

யோனத்தான், தாவீதைக் கொல்ல நினைச்ச தன்ட அப்பா சவுல் ராஜாட்ட தாவீதுக்காகக் கதைக்கிறது 1 சாமுவேல் 19ல மூணு நாலு வரிதான். அவன் உங்களுக்குப் பிழை ஒண்டும் செய்யல. அவன் செய்தது உங்களுக்கு நல்லதாத்தான் இருந்துது. நீங்களே அதைப் பாத்து சந்தோசப்பட்டீங்க. பிறகு ஏன் காரணமில்லாம அவனைக் கொண்டு குற்றமில்லாத ரத்தத்துக்குப் பாவம் செய்யணும்? மரியாதை இருக்கு, உண்மை இருக்கு, கடைசியில ஒரு கேள்வி இருக்கு, சுத்தி வளைப்பு இல்ல. சவுல் கேட்டார்.

நம்மட பாசையில எண்டா இப்படி வரலாம்:

"அன்ரி, ஒரு விசயம் கதைக்கணும், கோவிக்காதீங்க. அந்தப் பிள்ளை உங்கட வீட்டை எவ்வளவு நல்லாப் பாக்கிறா எண்டு நீங்களே போன கிறிஸ்மஸ்க்குச் சொன்னீங்க. அவளுக்கு மூணு மாசம் சம்பளம் நிக்குதாம், தாய்க்கு மருந்து வாங்க வேணும். வாற அஞ்சாம் தேதிக்கு முதல் குடுக்க ஏலுமா?"

அவ்வளவுதான், பிறகு பேசாம இருங்க. அந்த மௌனம் தாங்க ஏலாம நாம "பரவால்ல அன்ரி, ஏலாட்டி பாப்பம்" எண்டு நாமே கேட்டதை நாமே திருப்பி எடுத்துடுறம். அன்ரிக்கு உண்மையாவே கஷ்டம் இருக்கலாம், மகன்ட காசு வராம இருக்கலாம், அதைக் கேட்டு "அப்ப ரெண்டு தரமாக் குடுக்கலாமா" எண்டு கேக்கலாம், ஆனா கேள்வியை விடாதீங்க.

பொலிஸ்ல எண்டா இன்னும் சுருக்கமா, சிங்களத்துலயே, "சேர், இவருக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாது. வாசிச்சு விளங்கப்படுத்தினா இவர் கையெழுத்து வைப்பார், நான் பக்கத்துல இருக்கட்டுமா?" சத்தம் போட வேணாம், சட்டத்தை ஒப்பிச்சுக் காட்டவும் வேணாம். நெகேமியா ராஜாட கேள்விக்கும் தன்ட பதிலுக்கும் இடையில ஒரு மூச்சு நேரத்துல பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிச்சார், அந்த அளவு ஜெபம்தான் அந்த இடத்துல ஏலும்.

8. உங்கட பங்கு என்ன

பவுல் ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காக பிலேமோனுக்கு எழுதின கடிதம் ஒரே அதிகாரம், ஒரு டீ குடிக்கிற நேரத்துல வாசிக்கலாம். அதுல 18ம் வசனத்துல, அவன் உமக்கு ஏதும் கடன் எண்டா "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" எண்டு சொல்லிட்டு, அடுத்த வசனத்துல நானே என் கையால எழுதுறன், நானே கட்டுவன் எண்டு போடுறார். மோசே இன்னும் மேல போய், மன்னிக்காட்டி உம்மட புத்தகத்துல இருந்து என்ட பேரைக் கிறுக்கிப் போடும் எண்டு கேட்டார். வெறும் வாய் மட்டும் குடுக்கிறவனை ஆரும் பெருசா எடுக்க மாட்டாங்க, நேரமோ காசோ பேரோ ஏதோ ஒண்டு உங்கட பக்கத்துல இருந்தும் போகணும். மருந்துக் காசை நீங்க இந்த மாசம் குடுத்துட்டு சம்பளத்துக்குக் கதைங்க.

ஆனா ஒண்டு. என்ட கணக்குல வை எண்டு சொல்லுறதும் லீசிங் கம்பனில கரண்டியரா கையெழுத்து வைக்கிறதும் ஒண்டில்ல. நீதிமொழிகள் 6 தொடக்கமே பிணைக்காரனா மாட்டினவனுக்கு ஓடித் தப்பு எண்டு புத்தி சொல்லுது. பவுல் எடுத்தது தெரிஞ்ச ஆள்ட கடன்.

9. நடக்காட்டியும், பாதி நடந்தாலும்

1 சாமுவேல் 20ல திரும்பவும் தாவீதுக்காகக் கதைக்கப் போன யோனத்தானுக்கு நேர சவுல் ஈட்டியை எறிஞ்சார். போன தரம் கேட்ட அதே அப்பாதான். சரியாக் கதைச்சா எப்பவும் சரி வரும் எண்டு பைபிள் எங்கயும் உறுதி தரல. ஆபிரகாம் பத்து வரைக்கும் கொண்டு வந்தும் சோதோம் எரிஞ்சுது. ஆனா ஆதியாகமம் 19:29 வாசிங்க, தேவன் ஆபிரகாமை நினைச்சு, சோதோம்ல இருந்த அவர்ட சகோதரன்ட மகன் லோத்தை வெளியில அனுப்பினார் எண்டு இருக்கு, லோத்துட பேர் அந்த ஜெபத்துல ஒரு இடத்துலயும் வரல. கேட்ட மாதிரி நடக்கல, கேட்டதால ஒண்டு நடந்தது. இதை வச்சு எல்லாத் தோல்விக்கும் விளக்கம் குடுக்க நான் வரல, தாவீது சுகமில்லாத தன்ட பிள்ளைக்காக ஏழு நாள் உபவாசம் இருந்தும் பிள்ளை செத்துது, அதுக்கு ஆறுதலா ஒண்டும் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்க போய்க் கதைச்சதால அந்த ஆளுக்கு நிலைமை கூடாமப் போயிட்டா, விட்டுட்டு வராம அடுத்த வாசலைப் பாருங்க, ஐஞ்சாவது படியில சொன்ன இடங்கள் அதுக்குத்தான்.

பாதி நடந்தா அதுதான் ஆபத்து, நாம சாட்சி சொல்லிட்டு முடிச்சிடுவம். எஸ்தர் எட்டாம் அதிகாரத்துல, யூதரை அழிக்கத் திட்டம் போட்ட ஆமான் செத்துட்டான், வீடு எஸ்தருக்குக் கிடைச்சிட்டுது, மொர்தெகாய்க்கு மோதிரம் கிடைச்சிட்டுது, ஆனா யூதரை அழிக்கச் சொன்ன கட்டளை அப்படியே இருக்கு. அவ திரும்ப ராஜாட காலடியில விழுந்து அழுறா, திரும்பவும் செங்கோல் நீளுது. ஒரு மாசச் சம்பளம் வந்தா மிச்ச ரெண்டு மாசத்தையும் கேளுங்க. ஸ்டேட்மெண்ட் சரியா எழுதினாங்க எண்டா கேஸ் தேதிக்கு அந்த அண்ணாவோட ஆர் போறது எண்டு பாருங்க.

அப்போஸ்தலர் 9ல பவுலை ஒருத்தரும் நம்பாத நேரம் பர்னபா அவரைக் கையோட கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்ட்ட விட்டு அவருக்காகக் கதைச்சார். பிறகு பவுலைத் தர்சுக்கு அனுப்பிட்டாங்க, அப்படியே மறந்திருக்கலாம். 11ம் அதிகாரத்துல பர்னபா அந்தியோகியாவுல இருந்து தர்சு வரைக்கும் போய் அவரைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறார். வேலையால நிப்பாட்டின அந்த ஒபிஸ் பெடியனுக்கு நீங்க கதைச்சும் சரி வராமப் போயிருந்தா அவன்ட நம்பர் இன்னும் உங்கட போன்ல இருக்கும், ஒரு கோல் எடுத்து வேலை ஏதும் கிடைச்சுதா, சீவி அனுப்ப எங்கயும் ஆள் தெரியுமா எண்டு கேளுங்க.